எழுபத்துமூன்று வரை கெட்டி

மீனுக்குத் தண்ணீர் மாற்றுவது சாய்ச்சினின் வேலை. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை மீன் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஆகிறது. வீட்டுத் துணியெல்லாம் வாளியில் ஊறுகிறது. பாதித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, முதல் நாளே பிடித்துவைத்த தண்ணீரை ஓரமாகச் சரித்து மெல்ல ஊற்ற வேண்டும். குழாயிலிருந்து நேரே விட்டால் அந்தக் குளிருக்கு மீன் மல்லாந்துவிடும். மீன் மல்லாந்தால் வீட்டில் இன்னொருவரும் மல்லாந்துவிடுவார்.

"உயிரோட இருக்கா?" உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"இருக்குப்பா. உங்களைவிட நல்லாவே இருக்கு. வாலால அடிச்சு என் சட்டையை நனைச்சிடுச்சு."

"அடிக்கட்டும், அடிக்கட்டும். அடிச்சாத்தான் தாண்டும்."

'எழுபத்துமூணு, எண்பத்துநாலு, எமன் கூப்பிடாமலே கால் தானா நடக்கும்' என்பது அந்த நிலக்கரி ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த பழமொழி. அந்த வயதுக்கு வந்தவர்கள் அதை வாயால் சொல்லமாட்டார்கள். எழுபத்திரண்டு என்று இரண்டு வருஷம் சொல்லிவிட்டு எழுபத்துநாலுக்குத் தாவிவிடுவார்கள். தாவுவதற்குத்தான் கெண்டை. அருவியையே எதிர்த்து ஏறுகிற மீன் ஆயிற்றே. வருஷத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. மகள் வாங்கித் தர வேண்டும்; மகன் வாங்கினால் செல்லாது. விலை பேசக் கூடாது. முதல் மீனைச் சாய்ச்சின் முள் எடுத்துச் சமைத்துப் போட்டு அப்பா சாப்பிட்டு, பதினொரு மாதம் தள்ளியாயிற்று. இரண்டாவது மீனைப் புதுவருஷத்துக்கு முந்தின இரவில் சாப்பிட வேண்டும். விடிந்தால் எல்லோருக்கும் ஒரு வயது கூடிவிடும், அப்பா எழுபத்துநாலு. இன்னும் இரண்டு வாரம்தான்.

சாய்ச்சின் அவருக்குப் பிறந்தவள் அல்ல. அவளைப் பெற்றவன் மிங்லு, அவள் பள்ளிக்கூடம் போகும் முன்பே சுரங்கத்தில் செத்துப்போனான். அவனுடைய கூட்டாளி ஃபான் பாவ்சுவோதான் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அவளையும் வளர்த்தவர். அதனால் முதல் மீன் வாங்கிய அன்று கீழ்வீட்டுக் கிழவர் ஒருவர் படிக்கட்டில் மடக்கி, "ஏம்ப்பா பாவ்சுவோ, இவ வாங்கின மீன் உனக்குத் தாண்டுமா, இல்ல மலைச்சரிவுல படுத்திருக்கிறவனுக்குத் தாண்டுமா?" என்று கேட்டார்.

"அவ என் மக. மீனு என்ன ரத்தப் பரிசோதனையா பண்ணிப் பார்க்கப் போகுது?" என்றார் பாவ்சுவோ. அதோடு அந்தக் கிழவருடன் சீட்டாடுவதை நிறுத்திக்கொண்டார்.

மீன் மட்டும் இல்லை. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகம், பன்னிரண்டு வருஷச் சுற்று; அவர் பிறந்த ஆட்டு வருஷமே திரும்பி வந்திருந்ததால் காப்புக்கு இடுப்பில் சிவப்புக் கச்சை, சிவப்புக் காலுறை. சவரக்கத்தியைத் தொடவில்லை, தாடி மார்புக்கு வந்துவிட்டது. சமையல் வாயு உருளையைப் பால்கனிக்குத் தள்ளியாயிற்று. வெயில் காலத்தில் பொழுது சாய்ந்தபின் படியிறங்க மாட்டேன் என்றார். முதல் உறைபனி விழுந்தபின் படியே இறங்குவதில்லை. காலையில் எழுந்ததும் துடைப்பக் கம்பால் அறையின் கூரையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். சுரங்கத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள். 'டங்' என்றால் பாறை கெட்டி. 'பொத்' என்றால் பிடி விட்டுவிட்டது, ஓடு. மேல்வீட்டுக்காரி ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு அவளும் மேலிருந்து செருப்பால் பதிலுக்குத் தட்டத் தொடங்கினாள்.

"அவ வீட்டுத் தரை கெட்டியாத்தான்ப்பா இருக்கு, அவ வாய் மாதிரி. போதும், வாங்க," என்று கஞ்சியை வைப்பாள் சாய்ச்சின். சிரிப்பாள். ஆனால் சுரங்க உணவகத்தில் மாவுருண்டை வேகவைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது தன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டால் இந்த வருஷம் முழுக்க அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள், வீட்டிலிருந்து சேதியோ என்று. பாவ்சுவோவுக்கு அந்த வயது மற்றவர்களுக்குப் போல வெறும் பழமொழி அல்ல. அவருக்கென்றே சொல்லிவைத்த வயது.

சொன்னவர் கண்ணில்லாத ஜோசியர். பாவ்சுவோ கழுத்தில் வெள்ளிப் பூட்டோடு மலைக்கிராமத்தில் திரிந்த காலம். பூட்டு, பிள்ளையை உயிரோடு சேர்த்துப் பூட்டிவைக்க. பாவ்சுவோ என்ற பெயரே 'காக்கிற பூட்டு' என்றுதான் பொருள்படும். கோல் தட்டிக்கொண்டு வந்த ஜோசியரிடம் அவருடைய அம்மா பிள்ளை பிறந்த வருஷம், மாதம், நாள், நாழிகை எல்லாம் சொன்னாள். அவர் விரல்களை மடக்கி விரித்து, "கல்லோ நெருப்போ தண்ணியோ இவனைத் தொடாது. எழுபத்துமூணு வரைக்கும் கெட்டி. அதுக்குமேல என்னைக் கேக்காதே," என்று சொல்லி, கொடுத்த முட்டைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மலை முழுக்க அந்தப் பேச்சு பரவியது.

மீசை அரும்பியதும் பாவ்சுவோ சுரங்கத்துக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே வாயு தீப்பிடித்தது. அவரோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் வெளியே வரவில்லை. இவர் புருவம் கருகி வந்தார். அப்புறம் ஒருதரம் பழைய குழியின் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. எலி மாதிரி ஒரு மேட்டில் தொற்றிக்கொண்டிருந்து மூன்றாம் நாள் வந்தார். வந்து, முதல் வார்த்தையாக, "எனக்குத்தான் இன்னும் நாள் இருக்கே, ஏன் எல்லாரும் அழறீங்க?" என்றாராம். அன்றிலிருந்து சுரங்கத்தில் அவருக்குப் பெயர் 'எழுபத்துமூணு.'

"இன்னிக்கு எழுபத்துமூணு எந்த ஷிப்டு? அப்ப நானும் அதே ஷிப்டு."

"எழுபத்துமூணு பக்கத்துல நிக்கிறியா? போன வாரம் நீதானே நின்னே. நகரு, எனக்கும் பொண்டாட்டி இருக்கு."

சிகரெட் கொடுத்து இடம் பிடித்தார்கள். மேஸ்திரிக்கு அது வசதி. யாரும் போகத் தயங்குகிற இடத்துக்கு இவரை முதலில் அனுப்புவான். இவர் பின்னால் கூட்டம் தானாகப் போகும். இவரும் தலை கொழுத்துத்தான் திரிந்தார். அதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார், குடித்திருந்தபோதும் குடிக்காதபோதும்.

மிங்லு பயந்த சுபாவம். ஊரே கேலி செய்யும் அளவுக்குப் பயந்தவன். சுரங்க எலிகளுக்குத் தன் ரொட்டியில் பாதியைப் போடுவான். எலி இருக்கிற வரையில் பாறை இருக்கும் என்பது அவன் கணக்கு. ஒருநாள் எலிகளைக் காணவில்லை. மரத்தூண்கள் பல்லைக் கடிப்பதுபோல் நெறுநெறுவென்றன. எல்லோரும் பின்வாங்கினார்கள். உள்ளே வெட்டிப்போட்ட கரி கிடந்தது. தூண் நிறுத்தி அதை எடுத்துவர வேண்டும். பாவ்சுவோ போகிறேன் என்றார். மிங்லுவைக் கூப்பிட்டார்.

"என் கை எட்டுற தூரத்துல நில்லுடா. எனக்கு இன்னும் பாதி ஆயுசு கிடக்கு. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா உனக்கு என்ன ஆகிடும்?"

மிங்லு கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றான். கல் சரியாக அந்தத் தூரத்தில் விழுந்தது. பாவ்சுவோவின் தோளில் தூசுதான் படிந்தது.

இதையெல்லாம் சாய்ச்சினிடம் யாரும் மறைக்கவில்லை. உடலை முதுகில் சுமந்து வந்தவர், அவள் அம்மாவின் முன் மண்டியிட்டு, நானே கூப்பிட்டேன், என் பக்கத்தில் நின்றால் ஒன்றும் ஆகாது என்று நம்பிக் கூப்பிட்டேன், அவன் ஆயுசு அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மா, "அவரவர் ஆயுசு அவரவருக்கு. எழுந்திரு," என்றாள். அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டாள். ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. சுரங்க ஊரில் விதவையும் பிள்ளையும் பசியோடு கிடப்பதைவிட அது மேல்.

வளர்த்ததில் அவரிடம் குறை கிடையாது. பனி முழங்கால்வரை விழுந்தால் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். தன் தட்டுக் கறியை அவள் தட்டுக்குத் தள்ளுவார். தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை என்று அம்மா சொல்வாள். சாய்ச்சினின் கல்யாணத்தில் அவள் அம்மாவைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். அம்மா போனபின், சாய்ச்சினின் புருஷன் வெளியூர் வேலைக்குப் போனபின், இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சின்ன வயதில் சித்தப்பா என்று கூப்பிட்டவள் எப்போது அப்பா என்று மாற்றினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஒன்று மட்டும் எல்லோரும் சொல்வார்கள். மிங்லு போனபின் பாவ்சுவோ பக்கத்தில் யாரையும் நிற்கவிட்டதில்லை. வந்து நின்றவனை, சிகரெட் நீட்டினவனை, கேட்கக் கூசுகிற வசவெல்லாம் சொல்லி விரட்டினார். துக்கம் என்றார்கள். சாய்ச்சினும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அன்று மதியம் தாண்டி ருன்லியான் அத்தை வந்தாள். பாவ்சுவோவின் அக்கா, இன்னும் மலைக்கிராமத்திலேயே இருக்கிறவள். ஒரு கையில் தினை மூட்டை, மறு கையில் காடி நிறைந்த பெரிய பிளாஸ்டிக் குடுவை, கழுத்தில் சிவப்பு இலந்தைப் பழம் கோத்த மாலை. படியேறிய மூச்சு வாங்கல் அடங்கும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"டேய், என்னடா இது ஆட்டுத் தாடி? ஆட்டு வருஷம்னா ஆடாவே மாறிடணுமா?"

"அக்கா, மெதுவாப் பேசு. அபசகுனமாப் பேசாதே."

"நான் பேசி என்ன, பேசாம என்ன? எண்பத்துமூணு வயசு எனக்கு."

"போன வருஷமும் அதைத்தான் சொன்னீங்க அத்தை," என்றாள் சாய்ச்சின் சிரிப்போடு.

"அடுத்த வருஷமும் சொல்வேன். உனக்கென்ன? நீ மாவைப் பிசை."

சாய்ச்சின் மாவைப் பிசைந்தாள். அத்தை கை கழுவிவிட்டு வந்து, மாவுக் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கொதிக்கிற பானைக்குள் கத்தியால் கீற்றுக் கீற்றாகச் சீவிவிட்டாள். எண்பத்துநாலு வயதுக் கை ஆடவில்லை. மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். அத்தை தன் கிண்ணத்தில் காடியைக் கொட்டிக்கொண்டே குளியலறைப் பக்கம் முகவாயைக் காட்டினாள்.

"அது என்ன, தொட்டியில?"

"மீனு அத்தை. அப்பா தாண்டறதுக்கு."

அத்தை கீற்றை உறிஞ்சி முழுங்கினாள். பிறகு, வாயைத் துடைத்துக்கொண்டு, பொழுதுபோக்குக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "இவனுக்கு எதுக்கு இப்ப மீனு? இவனுக்குத்தான் இன்னும் அந்த வயசே வரலையே."

"என்ன உளர்ற?" என்றார் பாவ்சுவோ.

"உளர்றேனா? நீ பொறந்தப்போ வெந்நீர் வெச்சவ நானு. நீ சேவல் வருஷத்துப் பிள்ளைடா. உனக்கு எழுபத்தொண்ணுதான்." சாய்ச்சின் பக்கம் திரும்பினாள். "ஆட்டு வருஷத்துல பொறந்தது இவனுக்கு மூத்தவன். அவன் பேருதான் பாவ்சுவோ. பால் மறக்கறதுக்குள்ள போயிட்டான். வைக்கோல்ல சுத்தி எங்கப்பா மலைக்குத் தூக்கிட்டுப் போனாரு, நான் வாசல்ல நின்னு பார்த்தேன். அடுத்து இவன் வந்தான். அம்மா என்ன பண்ணா தெரியுமா? அதே பேரு, அதே பூட்டு. யாரு கேட்டாலும் அதே வருஷம், அதே நாழிகை. எமன் வந்து விசாரிச்சா, 'அட, இந்தப் பிள்ளையத்தான் ஏற்கெனவே கூட்டிட்டுப் போயிட்டோமே'ன்னு திரும்பிப் போயிடுவானாம். எங்க பக்கத்துல பிள்ளை தங்காத வீட்டுல அப்படிச் செய்வாங்க."

"ஊருக்கு வயசு தெரியாதா அத்தை? ரெண்டு வருஷம் சின்னவன் எப்படிப் பெரியவனா ஆக முடியும்?"

"அந்தக் காலத்துல எந்தப் பிள்ளைடி வயசுக்குத் தக்க வளர்ந்துது? எல்லாம் பசியில சூம்பித்தான் கிடந்துது. தெரிஞ்ச ரெண்டு மூணு பேரும் வாயைத் திறக்கமாட்டாங்க. பிள்ளை உயிரு சம்பந்தப்பட்டது."

சாய்ச்சின் குச்சிகளைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த ஜோசியர்?"

"அவரு ஊர் ஊராப் போறவரு. அவர்கிட்ட மட்டும் நிஜத்தைச் சொன்னா எமனுக்குத் தெரியாமப் போகுமா? அவருக்கும் செத்தவனோட நாழிகையத்தான் குடுத்தா."

"செத்துப்போன பிள்ளைக்கா எழுபத்துமூணு?"

"அதைத்தானே சொல்றேன்! மலைக்குத் தூக்கிட்டுப் போன பிள்ளைக்கு எழுபத்துமூணு வருஷம் எழுதி, முட்டைய வாங்கிட்டுப் போனாரு மகராசன்." அத்தை சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை. "ஏன்டா, சந்தோஷப்படாம மூஞ்சியத் தொங்கப் போடுற? உனக்கு எவனும் எதுவும் சொல்லல. தாடியை எடு. கீழே போய்ச் சீட்டாடு."

பாவ்சுவோவின் முகத்தில் தாடிக்கு மேலே தெரிந்த கொஞ்சம் தோலும் மாவு நிறத்துக்கு வந்திருந்தது. குச்சியில் பிடித்த கீற்று நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது.

"உன்னோட நிஜ நாழிகை எனக்குத் தெரியும்," என்றாள் அத்தை. "கோழிங்க கூட்டுக்குப் போற நேரம். மழை தூறிட்டிருந்துது. டவுன்ல ஒருத்தன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கிறான், நல்லாச் சொல்றானாம். குடுத்துப் பார்ப்போமா? உன் சொந்த ஆயுசை நீ தெரிஞ்சுக்க வேணாமா?"

"வேணாம்."

அவ்வளவு வேகமாக வந்தது பதில். பதினொரு மாதமாக ஒவ்வொரு நாளையும் எண்ணி, கூரையைக்கூடத் தட்டிப் பார்த்தவரிடமிருந்து வந்தது. சாய்ச்சின் அவரையே பார்த்தாள்.

"ஏன் வேணாம்? இத்தனை நாள் எவனோ ஒருத்தனோடதை வெச்சுக் காவல் காத்தே. உன்னோடதைக் காக்க வேணாமா?"

"அக்கா, சாப்பிடு. ஆறிப் போகுது."

அத்தை விடுகிற ஆள் இல்லை. யோசனையோடு குச்சியை மேசையில் தட்டினாள். "ஆனா ஒண்ணு. நீ ஏன் இப்பத்தான் கேக்கிற மாதிரி முழிக்கிற? அம்மா உன்கிட்ட சொல்லிட்டாளே."

பாவ்சுவோ காடிக் குடுவையை இழுத்து மூடியைத் திருகினார்.

"எப்போ சொன்னாங்க?" என்றாள் சாய்ச்சின்.

"சுரங்கத்துக்குக் கிளம்பின அன்னிக்கு. 'கல்லுக்கு அடியில போறவன் பொய்யை நம்பிட்டுப் போகக் கூடாது. சொல்லிடறேன்'னு என்கிட்ட சொன்னா. ஆட்டுக்குத் தழை போடற சாக்குல இவனைக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனா. திரும்பி வரும்போது ரெண்டு பேருக்கும் கண்ணு சிவந்திருந்துது. நான் ரொட்டி கட்டிட்டிருந்தேன்."

"பிரிஞ்சு போறப்போ கண்ணு சிவக்காம என்ன பண்ணும்?" என்றார் பாவ்சுவோ. "உனக்கு வயசாயிடுச்சு அக்கா. எதையோ எதோட சேர்த்துக் கலக்குற."

"எனக்கு எண்பத்துமூணுதான்!"

"சரி, எண்பத்துமூணு. போய்ப் படு. விடியக்காலைல பஸ் ஏறினவ."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே சாய்ச்சினின் அறைக்குப் போய்ப் படுத்தாள். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. அவளைப் பொறுத்தவரை நல்ல சேதி சொல்லியாயிற்று. தம்பிக்கு இரண்டு வருஷம் கூடியாயிற்று.

சாய்ச்சின் கிண்ணங்களை எடுத்தாள். அவர் கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது. வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. எதிர்க் கட்டடத்தின் புகைபோக்கிக்குப் பின்னால் வானம் அழுக்குத் துணி நிறத்தில் கிடந்தது. கிண்ணங்களைக் கழுவினாள். கழுவின கிண்ணத்தையே இன்னொரு முறை கழுவினாள்.

தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்த மனிதர் ஏன் வருஷம் முழுக்க எலி மாதிரி வளைக்குள் கிடக்க வேண்டும்? இந்தச் சிவப்புக் கச்சை, இந்த மீன், கூரையைத் தட்டுவது எல்லாம் நம்புகிறவர் செய்கிற காரியம்தானே. அதை நினைத்ததும் மூச்சு கொஞ்சம் லேசானது. உடனே இன்னொன்று வந்தது. ஊர் முழுக்க ஐம்பது வருஷம் எழுபத்துமூணு என்று கூப்பிட்ட மனிதர், அந்த வயது வந்ததும் பயப்படாமல் சாதாரணமாகச் சீட்டாடப் போயிருந்தால் ஊர் என்ன கேட்டிருக்கும்? அவள் என்ன கேட்டிருப்பாள்?

இன்னொன்றும் வந்தது. அது இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றாதது. கல் தன்னைத் தொடாது என்று நம்புகிறவன் தனியாகப் போகலாமே. துணைக்கு ஒருவனை, அதுவும் ஊரிலேயே பயந்தவனை, ஏன் கூப்பிட வேண்டும்? தூண் நிறுத்த இரண்டு பேர் வேண்டும்தான். அது உண்மைதான். ஆனால் பின்னால் நின்றவர்களில் பலசாலிகள் இருந்தார்கள். அவர்கள் வரமாட்டோம் என்று சொல்லக்கூடியவர்கள். மிங்லு, கூட்டாளி கூப்பிட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். 'எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா உனக்கு என்ன ஆகிடும்' என்ற வார்த்தையைக் கேட்டு வந்தான். அந்த வார்த்தையை வைத்துத்தான் அம்மா இவரை எழுந்திரு என்று சொன்னாள். அதை வைத்துத்தான் தானும் இவர் தோளில் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாவ்சுவோ சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. அவளும் போடவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா. கொட்டகையில பாட்டி என்ன சொன்னாங்க?"

"ஆட்டுக்குத் தழை போடச் சொன்னா."

"அப்புறம்?"

"குளிருக்குக் காதை மூடிக்கன்னா. சம்பளத்தைக் குடிச்சு அழிச்சிடாதேன்னா. வேறென்ன சொல்வா தாய்?"

"அத்தை சொன்னதைச் சொன்னாங்களா?"

"உங்க அத்தைக்கு எப்பவுமே வாய் நீளம்."

"நான் அத்தை வாயைக் கேக்கலை." அவள் குரல் உயரவில்லை. மாவுருண்டை எத்தனை வேண்டும் என்று கேட்கிற குரல்தான். "நீங்க என்னை வளர்த்தீங்க. அதுல ஒரு பழுது கிடையாது. எங்கம்மாவையும் நல்லா வெச்சிருந்தீங்க. அதை யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். இந்த மீனை நாளைக்கும் நான்தான் பார்த்துப்பேன். அது வேற. நான் கேக்கறது ஒண்ணுதான்."

அவர் தாடியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார், அது யாருடையதோ போல.

"அன்னிக்கு எங்கப்பாவைக் கூப்பிட்டப்போ, என் பக்கத்துல நில்லு, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னப்போ, அது உங்க ஆயுசு இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பாவ்சுவோ தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். அவர் உதடு ஒருமுறை அசைந்தது. சொல்லப் போகிறார் என்று சாய்ச்சின் நினைத்தாள். சொல்லட்டும் என்றும் இருந்தது. சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. எது தன் ஆசை என்று பிரித்தறிய நேரம் இல்லாமல் அவர் மேசையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

கதவுக்குப் பின்னால் தொங்கிய பஞ்சுக் கோட்டை எடுத்தார். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கைக்கு ஓட்டை அகப்படவில்லை. அவள் எழுந்து பிடித்துவிடுவாள், எப்போதும் அதுதான் வழக்கம். அவள் எழவில்லை. அவரே தடவித் தடவி நுழைத்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, உறைபனி விழுந்ததிலிருந்து போடாத தடித்த செருப்பைப் போட்டார்.

"பொழுது போயிடுச்சுப்பா," என்றாள். "படியெல்லாம் பனி."

அவர் தாழ்ப்பாளைத் திறந்தார். படிக்கட்டின் குளிர் அறைக்குள் வந்தது. திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருட்டியபின் இறங்கமாட்டேன் என்று சொன்ன படியில் செருப்புச் சத்தம் தயங்காமல் கீழே போயிற்று.